மூன்று ஜெராக்ஸ் என்று நான் சொன்னது

1

நான் இந்த நாட்டுக்கு வந்து நேற்றோடு ஆறு வருடம் முடிந்தது. அதே நேற்றுக் காலையில் எனக்குப் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை புதுசு, படம் புதுசு. என் பெயருக்குக் கீழே இருந்த வார்த்தை மட்டும் பழசு: "வெளியாள்".

கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். "அம்மா, தினமும் காலை ஏழு மணிக்கு இந்தக் கட்டிடத்தைத் திறப்பவனே நான்தான். நான் எப்படி வெளியாள்?" அவள் சிரித்த முகமாகவே சொன்னாள்: "ஒப்பந்தத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான் அச்சாகும். கணினியில் வேறு வார்த்தை இல்லை."

பிள்ளைகளே, உங்கள் தமிழ் வாத்தியார் என்னிடம், "நெதர்லாந்து வாழ்க்கை எப்படி, பூந்தோட்டம் எப்படி, சைக்கிள் எப்படி என்று நம்ம பாலசமுத்திரம் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். பூவைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் கோபத்தில் இருக்கிறேன். அட்டைக்காக இல்லை. அட்டையில் இருக்கிற அதே எண்ணத்தைத் திருப்பதியில் ஒரு படித்த மனிதர் என் மகள் முன்னால் வாயைத் திறந்தே சொன்னார். அதைப் பற்றி எழுதுகிறேன். நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது. அதையும் எழுதுவேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் உங்கள் வாத்தியார் திருத்திக்கொள்ளட்டும்.

2

என் வேலை குளிர்நீர் வேலை. சித்தூரில் ஐ.டி.ஐ. முடித்து, அங்கேயே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் குளிர் அறையைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் திருப்பதியில் லாட்ஜ் ஏசி. அப்புறம் வளைகுடாவில் சில்லர், கட்டிடம் முழுக்கக் குளிர்நீர் அனுப்புகிற பெரிய மெஷின். அங்கிருந்து ஒரு ஏஜென்சி பிடித்து இங்கே வந்தேன். இங்கே நான் தண்ணீர் அனுப்புவது குவாண்டம் கணினி என்ற ஒரு மெஷினுக்கு.

அது பார்ப்பதற்குக் கணினி மாதிரியே இருக்காது. பித்தளைத் தட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டி, உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதன் அடித்தட்டு விண்வெளியைவிடக் குளிர்ந்தது. அங்கே நகக்கண் அளவு ஒரு சில்லு. அதில்தான் கியூபிட் இருக்கிறது.

உங்கள் வீட்டுச் சுவிட்சு ஒன்று போட்டிருக்கும், இல்லை என்றால் அணைத்திருக்கும். சாதாரணக் கணினிக்குள்ளும் அதுதான், கோடிக்கணக்கில். கியூபிட் அப்படி இல்லை. போட்டதும் அணைத்ததும் ஒன்றாகக் கலந்த நிலையில் அதனால் நிற்க முடியும். எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. கெட்டுப்போவதற்கு அதற்கு ஒரு காரணமும் வேண்டாம். கொஞ்சம் சூடு போதும். தரை அதிர்ந்தால் போதும். பக்கத்தில் ஒரு காந்தம், ஒரு செல்போன் அலை போதும். அந்தக் கலப்பு கலைந்துவிடும். இப்படிக் கலைக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இரைச்சல்'. காதுக்குக் கேட்கிற சத்தம் அதில் ஒரு சின்னப் பங்குதான்.

அதனால் மெஷினைச் சுற்றிக் காந்தத்தைத் தடுக்கிற உலோகக் கூடு. அதற்குத் தனி அஸ்திவாரம். பம்புகள் எல்லாம் பக்கத்து அறையில். அங்கிருந்து வருகிற குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு மரப்பெட்டி, பெட்டி நிறைய மணல். குழாய் மணலுக்குள் புதைந்து போகும். பம்பின் நடுக்கம் அந்த மணலோடு செத்துவிடும். அந்த மணலைக் கொட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தியது நான். உலகத்திலேயே பெரிய மூளைகள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மூளைகளின் மெஷினுக்கு நடுக்கம் போகாமல் காப்பது என் மணல்.

வந்த புதிதில் ஒரு கூத்து. வடிகட்டி மாற்ற ஒரு பம்பை நிறுத்தியிருந்தேன். வழியில் பார்த்த ஒருவரிடம் அதை டச்சு மொழியில் சொல்லப் பார்த்து, 'நிறுத்தியிருக்கிறேன்' என்பதற்குப் பதில் 'செத்துவிட்டது' என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் காப்பிக் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அன்றிலிருந்து நான் அங்கே யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. தலையை ஆட்டுவேன். தெரியாததைக் கேட்காமல், தெரிந்த மாதிரி தலையாட்டுவது ஆறு வருடத்தில் பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் பிற்பாடு என் மகளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அவமானப்படுத்தியது.

3

என் மகள் லாவண்யா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அம்மா குமாரி பாலசமுத்திரத்தில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். ஏன் குடும்பத்தை அங்கே விட்டீர்கள் என்று கேட்காதவர் இல்லை. நானா விட்டேன்?

குடும்ப விசாவுக்கு இரண்டு தரம் போட்டேன், இரண்டு தரமும் திருப்பிவிட்டார்கள். ரேஷன் கார்டில் என் பெயர் தெலுங்குக்காரர் எழுதிய மாதிரி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தமிழ் உச்சரிப்புப்படி. கல்யாணச் சான்றில் இரண்டுக்கும் நடுவில். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் ஒரு தாள் வாங்க எத்தனை நடை! ஆந்திர-தமிழக எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் இது தெரியும். அங்கே போவதென்றால் எந்தத் தாளையும் ஒன்றாகக் கொண்டுபோக மாட்டோம். மூன்று செட் ஜெராக்ஸ். ஒன்று மேஜையில் தொலையும், ஒன்றில் அச்சு மங்கும், அப்போதும் மற்றது காப்பாற்றும். நம் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பத்திரம் என்றாலே மூன்று ஜெராக்ஸ்தான்.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருவார்கள், பத்து நிமிடம். பக்கத்தில் தோழிகள் இருந்தால் லாவண்யா எனக்கும் தெலுங்கிலேயே பதில் சொல்வாள். போகப் போக "துன்னியா நைனா?", "ம்", "வெக்கறேன்" என்று, அப்பன் சாப்பிட்டானா என்ற விசாரிப்போடு பேச்சு குறுகிக்கொண்டே வந்தது. அவளை என்னிடம் இழுத்து வந்தது இந்த மெஷின்தான். ஆந்திரா முழுக்க இப்போது குவாண்டம் என்ற பேச்சாக இருக்கிறது இல்லையா, அவள் வகுப்பிலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நைனா, நீ தண்ணி வுடற மெசினு குவாண்டமா? மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான்."

அதற்கப்புறம் பத்து நிமிடமும் கேள்விதான். மணல் பெட்டியைப் பற்றி மட்டும் மூன்று வாரம் கேட்டாள். ஒரு ஞாயிறு இப்படிக் கேட்டாள்: "அவ்ளோ காபந்து பண்ணியும் இரைச்சல் உள்ள பூந்துடுச்சின்னா? அப்ப கெட்டுப்போன செய்தியை எப்டி சரி பண்ணுவாங்க?"

எனக்குத் தெரியாது. வழியில் நடக்கும்போது 'ஒன்றைப் பலவற்றில் வைக்கிறோம்' என்று மெஷின் அறைக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அவ்வளவுதான் தெரியும். ஆனால் அவள் குரலில் இருந்த ஆவலைக் கேட்டுவிட்டு 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது ஒண்ணுமில்ல கண்ணு. மூணு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கறாங்க. ஒண்ணு கெட்டா மத்த ரெண்டத்தப் பாத்து சரி பண்ணிக்கறாங்க."

"அவ்ளோதானா? ஈசியா கீதே!"

"அவ்ளோதான்."

4

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். நான் ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போயிருந்த சமயம். லாவண்யா அட்டையில் மூன்று பெட்டி செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு பல்பு, ஒரு பச்சை பல்பு வைத்திருந்தாள். ஒயரெல்லாம் நான் பற்றவைத்துக் கொடுத்தேன். ஒரு பொத்தானை அமுக்கினால் மூன்று பெட்டியிலும் பச்சை எரியும். மேஜையை உலுக்கினால் ஒன்று சிவப்பாக மாறும். மூடியைத் திறந்து பார்ப்பாள். "ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு. ஆகவே சரியான செய்தி பச்சை" என்பாள். காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

நடுவராக ஒரு என்ஜினீயரிங் கல்லூரி ஆசிரியர் வந்தார். அவரோடு இரண்டு டீச்சர்கள், பின்னால் பிள்ளைகள் கூட்டம். லாவண்யா கடகடவென்று தெலுங்கில் சொன்னாள். அவர் முடிக்க விடவில்லை.

"காப்பி எடுத்தாயா? குவாண்டத்தில் காப்பியா?" என்று தெலுங்கில் கேட்டார். "மூடியைத் திறந்து பார்க்கிறாயே, பார்த்தால் அது இருக்குமா?"

லாவண்யாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"எவரு செப்பாரு?" யார் சொன்னது என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்: எங்கள் நைனா வெளிநாட்டில் குவாண்டம் கணினி இருக்கிற இடத்தில் வேலை செய்கிறார், அவர் சொன்னது.

"அப்படியா! நான்ன ஏம் சேஸ்தாரம்மா?"

அப்பா என்ன வேலை என்று அவர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். "கூலிங் வாட்டர் பைப்லைன்" என்றாள்.

அவர் டீச்சர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அடடே, இது ப்ளம்பர் குவாண்டம்!" என்றார். டீச்சர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்த மேஜைக்கு நடந்துவிட்டார். அந்த மேஜையில் எரிமலை.

லாவண்யா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா ஒரு வார்த்தை சொல்வான், அந்த ஆளை நிறுத்தி விளக்குவான் என்று எதிர்பார்த்த பார்வை அது. எனக்கு என்ன தெரியும் விளக்க? தலையாட்டினேன். பிள்ளைகளே, பழக்க தோஷத்தில் அந்த ஆள் முதுகைப் பார்த்து, தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது சரி. மாடல் தப்புதான். மதிப்பெண் போடாததற்கு எனக்குக் கோபமே இல்லை. என் கோபம் வேறு. அந்த மனிதருக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது. ஒன்பதாவது படிக்கிற பெண் எதிரில் நிற்கிறது. ஐந்து நிமிடம் நின்று, "அம்மா, ஏன் காப்பி எடுக்க முடியாது தெரியுமா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பன் வேலையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். எதற்குப் படித்தார் அவர்? தெரிந்தவன் சொல்ல மாட்டேன் என்கிறான், தெரியாத நான் சொல்லித் தொலைத்தேன். நடுவில் மாட்டியது குழந்தை.

5

அன்றைக்கு அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பதியில் ஏறி வடமாலபேட்டை தாண்டுகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அட்டைப் பெட்டிகள் என் மடியில்.

"வேர்க்கடலை வாங்கட்டுமா கண்ணு?"

"வாணாம்."

"அந்த ஆளு கெடக்கறான் வுடு. அவனுக்கு இன்னா தெரியும்."

அவள் அப்போதுதான் திரும்பினாள். "அவருக்குத் தெரியும் நைனா. ஒனக்குத்தான் தெரியாது."

புத்தூரில் பஸ் மாறினோம். வீட்டுக்குப் போய் குமாரியிடம் சொன்னபோது அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "பொண்ணு அத்தினி நாளு உன்ன நம்பிகினு இருந்தா. தெரியாததுக்கு எதுக்கு வாயக் குடுத்த?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான், ஆனால் அந்த நேரத்தில் அதற்கும் கோபம் வந்தது.

விடுப்பு முடிந்து நான் இங்கே திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு பழையபடி ஆனது. "துன்னியா?", "ம்". மெஷினைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நானாக எடுத்தால் "கிளாஸுக்கு லேட்டாவுது" என்பாள். ஞாயிற்றுக்கிழமை என்ன கிளாஸ்? அறிவியல் டீச்சர் கேட்டால் இப்போதெல்லாம் கை தூக்குவதில்லையாம், குமாரி சொன்னாள். கை தூக்கினால் யாரோ 'ப்ளம்பர்' என்கிறார்களாம்.

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. அந்தப் பெண் இனிமேல் நான் சொல்கிற எதையும் நம்பப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. விசா கொடுக்காமல் வைத்திருக்கிற தூரத்தைவிட இது பெரிய தூரம். இதைக் குறைக்க ஒரே வழி, சரியான பதிலைத் தெரிந்துகொள்வது.

6

யாரிடம் கேட்பது? இங்கே எதைக் கேட்பதானாலும் கணினியில் டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, போட வேண்டும். கசிவு, வெப்பம், மின்சாரம், மற்றவை என்று நாலு கட்டம். 'மற்றவை' கட்டத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: "கியூபிட்டில் இருக்கிற செய்தியை ஏன் நகல் எடுக்க முடியாது? நகல் எடுக்காமல் எப்படிச் சரி செய்கிறீர்கள்? என் மகளுக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்." மறுநாள் பதில் வந்தது. "பழுது இல்லை. டிக்கெட் மூடப்பட்டது."

மூடப்பட்டதாம்! திருப்பதியில் ஒருவர் சிரித்து மூடினார், இங்கே சிரிக்காமல் மூடினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பம்பு அறைக்கு ஒரு பெண் வந்தாள். மரீக்கே என்று பெயர், அங்கே ஆராய்ச்சி செய்கிறவள். தினமும் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். "அந்த டிக்கெட்டை எழுதியது நீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆமாம், தப்பா?"

"இல்லை. யாரோ அதை அச்செடுத்து காப்பி அறையில் ஒட்டியிருந்தார்கள். நல்ல கேள்வி. ஆறு வருடமாக இங்கே இருக்கிறீர்கள், ஏன் இதுவரை கேட்கவில்லை?"

"கேட்டால் மூடுகிறீர்களே அம்மா!" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு ஒரு கருவிப்பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கியூபிட்டில் என்ன கலப்பு இருக்கிறது என்று தெரியாதபோது, அதே மாதிரி இன்னொன்று செய்ய முடியாது. நல்ல மெஷின் இருந்தாலும் முடியாது, இயற்கையே விடாது. சரி, எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு செய்யலாம் என்றால், பார்த்த உடனே கலப்பு போய் ஒரே ஒரு பக்கம் ஆகிவிடும். காப்பாற்ற வந்தவனே கெடுத்தவன் ஆகிவிடுவான். அதனால் இவர்கள் செய்வது: ஒரு கலப்பை மூன்று கியூபிட்டுக்கும் சேர்த்து ஒப்படைக்கிறார்கள். ஆளுக்கொரு நகல் இல்லை. மூன்றும் சேர்ந்து நிற்கும்போதுதான் அது இருக்கிறது, தனியாக ஒன்றிடம் போய்க் கேட்டால் இல்லை. அப்புறம் அவற்றிடம் "நீ என்ன?" என்று கேட்பதே இல்லை. "நீயும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றா, வேறா?" என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தப் பதிலை வைத்தே எது புரண்டது என்று கண்டுபிடித்து அதை மட்டும் திருப்பிவிடுகிறார்கள்.

"என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வித்தியாசம் மட்டும் எப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் கையை ஆட்டி ஏதோ சொல்லப் போனாள். அதற்குள் என் கண் எதிர்ச் சுவருக்குப் போனது. அங்கே வடிகட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குழாயிலிருந்தும் எடுத்து ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறோம். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று அது சொல்லாது. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும்தான் முள் காட்டும். வித்தியாசம் ஏறினால் வடிகட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாம்பழக் கூழ் காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன்.

"இந்த மீட்டர் மாதிரியா?"

மரீக்கே எழுந்து போய் மீட்டரைக் கிட்டத்தில் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "அதேதான். என் மாணவர்களுக்கு நான் இனிமேல் இதைத்தான் காட்டப்போகிறேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. இது ஒரு குழாய்க்காரனுக்குப் புரியக்கூடிய விஷயம்! ப்ளம்பர் குவாண்டம் என்று சிரித்தானே, ப்ளம்பர் சுவரில் மாட்டியிருக்கிற மீட்டரிலேயே அது இருந்திருக்கிறது. அந்த மனிதர் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

7

அந்த ஆத்திரத்தில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று பள்ளித் தலைமை ஆசிரியருக்கு. "தப்பு குழந்தையுடையது அல்ல, தகப்பன் என்னுடையது. அவள் சொன்னது தப்பு என்று நடுவர் சொன்னது சரி. ஆனால் ஏன் தப்பு என்று சொல்லாமல் சிரித்தது ஆசிரியர் வேலை அல்ல. இதை அவருக்கும் காட்டுங்கள்" என்று எழுதி, சரியான விளக்கத்தையும் கூடவே வைத்தேன். இன்னொன்று லாவண்யாவுக்கு. அதில் ஒரு விளையாட்டு எழுதினேன். நீங்களும் ஆடிப் பாருங்கள்.

மூன்று பேர் வரிசையாக நில்லுங்கள். உங்களுக்குள் ரகசியமாகப் பேசி, மூன்று பேரும் உள்ளங்கையை மேலே வையுங்கள், அல்லது மூன்று பேரும் கீழே வையுங்கள். கைகளைத் துப்பட்டாவால் மூடிவிடுங்கள். ஒருத்தி 'இரைச்சல்'. அவள் துப்பட்டாவுக்குள் கைவிட்டு யாராவது ஒருத்தியைத் தட்டுவாள், தட்டுப்பட்டவள் சத்தமில்லாமல் கையைப் புரட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி 'டாக்டர்'. அவள் துப்பட்டாவைத் தூக்கக் கூடாது. முதல் இரண்டு பேரைக் கேட்பாள்: "ஒண்ணா, வேறயா?" அவர்கள் துப்பட்டாவுக்குள் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். பிறகு பின் இரண்டு பேர். முதல் ஜோடி வேறு, அடுத்த ஜோடி ஒன்று என்றால் புரண்டவள் முதலாமவள். முதல் ஜோடி ஒன்று, அடுத்தது வேறு என்றால் கடைசி ஆள். இரண்டும் வேறு என்றால் நடு ஆள். கை மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று டாக்டருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் குணப்படுத்திவிடுவாள். (இது மெஷினில் வருகிற ஒரு வகைக் கோளாறுக்குத்தான். இன்னொரு வகையும் உண்டு, அதற்கு இந்த மூன்று பேர் போதாது என்று மரீக்கே சொன்னாள். அது எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. புரியாததை எழுத மாட்டேன்.)

கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிறு, போனை எடுத்ததுமே அவள் பொரிந்து தள்ளினாள்.

"ஸ்கூலுக்கு எதுக்கு நைனா லெட்டர் போட்ட? ஹெச்செம் அசெம்ப்ளில அத்தப் படிச்சிட்டாரு! எல்லாம் என்னையே திரும்பிப் பாக்கறாங்க!"

"தப்பு என்னுதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னுதான்..."

"ஒனக்குக் கோவம் வந்தா ஒடனே எழுதிடுவியா? என்னக் கேக்க மாட்டியா?"

போனை வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. நியாயம் கேட்கப் போய் அவளை மறுபடி எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டேன். அந்த நடுவரிடமிருந்து இதுவரை ஒரு வரி வரவில்லை, வராது என்பதும் தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிறு இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். நானே கூப்பிடலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். அவளே கூப்பிட்டாள். பின்னால் நாலைந்து பெண்கள் சத்தம். எப்போதும் அந்தச் சத்தம் இருந்தால் தெலுங்கில் பேசுகிறவள், தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"நைனா, ஒன் வெளையாட்டு வேலைக்கே ஆவல!"

"ஏன் கண்ணு?"

"ஒருத்தியத் தட்னா சரியா வருது. இந்த ரூபா கீறா இல்ல, அவதான் இரைச்சலு. அவ திருட்டுத்தனமா ரெண்டு பேரத் தட்டிட்டா. என்னையும் பக்கத்துல இருந்தவளையும். நாங்க ரெண்டு பேரும் பொரட்டிக்கினோம். டாக்டரு கேட்டா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னோம், மூணாவதுதான் வேறன்னு வந்துச்சு. அவ போய் நல்லா இருந்த மூணாவது பொண்ணப் பொரட்டி வுட்டா!"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மூணு பேரும் ஒத்துமையா தப்பா நின்னுகினு இருந்தோம். திரும்ப எத்தினி தரம் கேட்டாலும் ஒண்ணு, ஒண்ணுன்னுதான் வருது. டாக்டருக்கு எல்லாம் சரியாயிடுச்சின்னு நெனப்பு. தப்புன்னு கண்டுபுடிக்கவே முடியல நைனா!"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். "ரூபா, சும்மா இரு" என்று அதட்டிவிட்டு அவள் கேட்டாள்: "ஒங்க மெசின்ல ரெண்டு ஒரே நேரத்துல கெட்டுப்போனா இன்னா பண்ணுவாங்க?"

என் வாய்க்குள் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. இன்னும் நிறையப் பேரை நிற்கவைப்பார்கள், அது இது என்று. சொன்னால் அவள் நம்பியிருக்கவும் கூடும்.

"தெரியல கண்ணு" என்றேன்.

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இத்த அன்னிக்கே சொல்லி இருக்கலாம் இல்ல நைனா?"

"சொல்லி இருக்கலாம்."

"சரி. நாளைக்கு, லெட்டர்ல எழுதி இருந்தியே, அந்த அக்காகிட்டப் போய் கேளு. அதுக்குள்ள நாங்க அஞ்சு பேர நிக்க வெச்சிப் பாக்கறோம். நீ ஊகிச்சி எதுவும் சொல்லாத, தெரிஞ்சா மட்டும் சொல்லு" என்றாள். "துன்னியா?"

"இன்னும் இல்ல."

"துன்னு மொதல்ல" என்று சொல்லிவிட்டு, தோழிகளிடம் யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சத்தம் போட ஆரம்பித்தாள். போனை வைக்க மறந்துவிட்டாள். மீதி நிமிடம் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.